ஆணியில் தொங்கிய சட்டைத் துண்டு

போன வாரம் கார்னெட் தன் தம்பி வீட்டுக்கு வந்து, காபி குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் உதவி கேட்டாள். மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை, வேட்டைக்காரர்கள் கூடும் மலையடிவாரக் கேம்ப்பில் ஆண்களுக்குச் சமைக்க ஆள் இல்லை. வழக்கமாகச் சமைக்கும், கேம்ப் பெரியவர் விர்ஜிலின் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். தம்பி பெண்டாட்டி வெல்டா வந்து கைகொடுக்க வேண்டும்.

"திங்கக்கிழமை கோர்ட்ல ஹோபர்ட் உன் புருஷனுக்காகப் பேசப் போறாரு. நீ இதைக்கூடச் செய்ய மாட்டியா?" என்று கிளம்பும்போது ஒரு கொக்கியையும் போட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கொக்கிக்காகத்தான் வெல்டா ஒத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் கார்னெட்டின் புருஷன் ஹோபர்ட் இருக்கும் திசையில் அவள் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். வெல்டாவின் கணவன் டெல்மர் பத்தொன்பது வயதில், மூடிக் கிடந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் புகுந்து தாமிரக் கம்பி திருடியவன். பிடிபட்டான், உள்ளே இருந்தான், வெளியே வந்தான். கம்பிக்கான தண்டனை முடிந்தது. ஆனால் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்ற தடை மட்டும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. எங்கள் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் துப்பாக்கி இல்லாத கட்டடம் என்றால் சர்ச் ஒன்றுதான், அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு வேட்டை முதல் நாளில், ஹோபர்ட்டின் ஜீப் கிளம்பவில்லை. டெல்மர் கேம்ப் வாசல்வரை போய் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டான். திரும்பும் வழியில், பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. சீட்டுக்குப் பின்னால் ஹோபர்ட்டின் துப்பாக்கி. இறங்கும்போது எடுக்க மறந்திருக்கிறான்.

போலீஸ் போய்க் கேட்டபோது ஹோபர்ட் என்ன சொன்னான் தெரியுமா? அது தன்னுடையது இல்லை, முதுகு வலியில் அன்று முழுக்கப் படுக்கையைவிட்டே எழுந்திருக்கவில்லை என்றான். கார்னெட்டும் ஆமாம் போட்டாள். சுரங்கத்தில் முதுகு போனதற்காக அவனுக்கு மாதாமாதம் நஷ்டஈடு வந்துகொண்டிருந்த காலம் அது. முதுகு போனவன் மலையேறி மான் சுடுகிறான் என்று தெரிந்தால் அது நின்றுபோகும்.

கோர்ட் கொடுத்த வக்கீல் டெல்மரிடம், ஜூரி பழைய திருடனை நம்பாது, ஒப்புக்கொண்டால் மூன்று வருடத்தோடு போகும், வழக்காடித் தோற்றால் இன்னும் கூடும் என்றார். டெல்மர் ஒப்புக்கொண்டான். அந்த மூன்று வருடத்துக்குள் அவன் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்குக்கூட அவனை விடவில்லை.

தண்டனையோடு பறிபோன ஓட்டுரிமையை இப்போது கவர்னர் திருப்பிக் கொடுத்துவிட்டார். துப்பாக்கி உரிமையை மட்டும் நீதிபதியிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத்தான் திங்கட்கிழமை. 'அந்தத் துப்பாக்கி என்னுடையதுதான், தவறு செய்தேன், மனம் வருந்துகிறேன்' என்று மனுவில் எழுதச் சொன்னார் புது வக்கீலம்மா. வருந்துகிறவனைத்தான் நீதிபதிகளுக்குப் பிடிக்குமாம். டெல்மர் அதிலும் கையெழுத்துப் போட்டான்.

செய்யாத குற்றத்துக்கு வருத்தப்பட்டால்தான் செய்த குற்றத்தின் தடை நீங்கும். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை, டெல்மர் பிக்கப் வண்டியைக் கேம்ப் வாசல் இரும்புக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினான்.

"உள்ள வரைக்கும் கொண்டாந்து விட்டா என்ன? பீன்ஸ் சட்டி கனக்குது" என்றாள் வெல்டா.

"திங்கக்கிழமை முடியட்டும். அப்புறம் சட்டியோட சேத்து உன்னையும் தூக்கிட்டுப் போறேன்."

"தூக்குவ, தூக்குவ. உன் முதுகும் போய் மாசாமாசம் காசு வரட்டும்."

டெல்மர் சிரித்துவிட்டான். ஆனால் வண்டியைவிட்டு இறங்கவில்லை. உள்ளே சுவரோரம் துப்பாக்கிகள் சாத்தியிருக்கும். தொட வேண்டாம், பக்கத்தில் நின்றான் என்று யாராவது சொன்னாலே போதும். ஒவ்வொரு வருடமும் இந்தக் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். மற்றவர்கள் சுட்ட மானை ஏற்றிக்கொண்டு போய் கறி வெட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு வருவான். பாவம் என்று யாராவது சாப்பாட்டை ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். பெரும்பாலும் ஹோபர்ட்தான் நீட்டுவான்.

"அவன்கிட்ட வாயைக் கொடுக்காத" என்றான் டெல்மர். "ரெண்டு நாள்தான். பல்லைக் கடிச்சுக்க."

"நான் ஏன் பேசறேன்? சோளரொட்டியில ஒரு கை உப்பைக் கூட்டிப் போட்டுட்டா?"

"போடாத. எனக்கும் அந்த ரொட்டிதான் வரும்."

வெல்டா சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கேம்ப்புக்குள் அவள் காலை வைப்பது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் விடியும் முன்பே மலைக்குப் போய்விட்டார்கள். உள்ளே விறகடுப்பு, நீள மேஜை, ஈரத்தோல் வாசனை. அடுப்புக்கு எதிரே இருந்த சுவர் முழுக்கச் சட்டைத் துண்டுகள்.

மானைச் சுட்டுக் குறி தவறியவனின் சட்டையைப் பின்பக்கம் வெட்டி, பேரையும் வருடத்தையும் மையில் எழுதி, ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அதுதான் கேம்ப் வழக்கம். மாட்டியதை எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வருடம் ஒருத்தருக்கும் மான் கிடைக்காதாம். நாற்பது ஐம்பது வயது ஆண்கள் இதை முழுசாக நம்புகிறார்கள்.

வெல்டா டவுனில் ஒரு லாண்டரியில் துணி பிரித்துத் தைக்கிறவள். எந்தத் துணியைப் பார்த்தாலும் கை தானாகத் தையலைத் தடவும். கோட்டை மாட்ட இடம் தேடியவள், ஒரு பெரிய சிவப்புத் துண்டைச் சற்று விலக்கினாள். அதன் பின்னால், தனி ஆணியில், பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஒரு துண்டு இருந்தது.

அவளுக்கு அந்தத் துணி தெரியும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அதில் இரண்டு சட்டை தைத்தாள். ஒன்று டெல்மருக்கு, ஒன்று ஹோபர்ட்டுக்கு. ஹோபர்ட் சட்டைக்கு ஓரம் அடிக்கும்போது பச்சை நூல் தீர்ந்துபோய், பழுப்பு நூலில் முடித்தாள். இதோ, அதே பழுப்பு நூல்.

துண்டைத் திருப்பினாள். விர்ஜிலின் கோணல் எழுத்து. ஹோபர்ட், முதல் நாள், எட்டுக் கிளைக் கொம்பு மான், கோட்டை விட்டான். கீழே வருடம்.

அந்த வருடம்தான். படுக்கையைவிட்டே எழுந்திருக்காத அந்த நாள்தான்.

வெல்டாவுக்கு அழுகை வரவில்லை. இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேம்ப்பின் அத்தனை ஆண்களும் ஒன்பது வருடமாகப் பீன்ஸ் தின்றிருக்கிறார்கள் என்ற நினைப்புதான் வந்தது. விர்ஜில் தின்றிருக்கிறார். ஹோபர்ட் தின்றிருக்கிறான். இதைப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் வெளியே கேட்டில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே துப்பாக்கி இருக்கிறது, வரக்கூடாது என்று சட்டமே அவனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. அத்தனை பேர் மேலும் அவளுக்கு ஒரே சமயத்தில் ஆத்திரம் பொங்கியது.

பின்கட்டில் காலடிச் சத்தம். வெல்டா துண்டை ஆணியிலிருந்து உருவி ஏப்ரன் பைக்குள் திணித்தாள்.

கார்னெட் ஒரு கூடை ஆப்பிளோடு உள்ளே வந்தாள். "வந்துட்டியா கண்ணு? நீ இருக்கறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?" என்றபடி நறுக்க உட்கார்ந்தாள்.

வெல்டா மாவைப் பிசைந்தாள். கொஞ்ச நேரம் பிசைந்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"நான் ஒரு தடவை ஹோபர்ட்டுக்குப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை தைச்சுக் கொடுத்தேனே, அது இன்னும் இருக்கா?"

கார்னெட்டின் கத்தி ஆப்பிளுக்கு நடுவில் நின்றது. "எந்தச் சட்டை?"

"டெல்மருக்கும் அதே துணியில தைச்சேனே. போலீஸ் பிடிச்ச அன்னிக்கு அவர் அதைத்தான் போட்டிருந்தாரு."

"ஓ, அதுவா. எலி கடிச்சிடுச்சும்மா. கிழிச்சுத் தரை துடைச்சுட்டேன்."

"பின்பக்கமா கடிச்சுது?"

"எந்தப் பக்கம் கடிச்சா என்ன? எலியைக் கூப்பிட்டு விசாரிக்கவா முடியும்?" கார்னெட் சிரித்தாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோயிருந்தது.

பின்பக்கம் வெட்டின சட்டையோடு புருஷன் வீட்டுக்கு வந்ததை இவள் பார்த்திருக்கிறாள். வேட்டைக்குப் போனதும் தெரியும், துப்பாக்கி யாருடையது என்றும் தெரியும். தெரிந்தேதான் கூடப்பிறந்த தம்பியை உள்ளே அனுப்பியிருக்கிறாள். அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில், 'தம்பி இப்படிப் பண்ணிட்டானே, கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க முடியாமப் போச்சே' என்று வெல்டாவின் தோளில் சாய்ந்து அழுதவளும் இவள்தான்.

இதுவரை கார்னெட் மேல் வெல்டாவுக்கு ஓர் ஓரத்தில் இரக்கம் இருந்தது. புருஷன் சொன்னதை நம்பிவிட்டாள், அப்பாவி என்று. அந்த இரக்கம் அன்று அந்த மேஜையிலேயே தீர்ந்தது.

"மாவு ஏன் இப்படி அடி வாங்குது?" என்றாள் கார்னெட்.

"நல்லா அடிச்சாத்தான் மெத்துன்னு வரும்" என்றாள் வெல்டா.

மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் இறங்கி வந்தார்கள். துப்பாக்கிகளைச் சாத்தினார்கள், ஆரஞ்சு தொப்பிகளைக் கழற்றினார்கள், பூட்ஸ் சேற்றை உள்ளேயே உதறினார்கள். ஹோபர்ட் கடைசியாக வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ரெண்டு வெடி கேட்டுச்சே ஹோபர்ட். ரெண்டு மானா?" என்றான் ஒருவன்.

"வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு."

"மேகமா இருக்கு, வெயில் எங்கய்யா இருந்து வந்துச்சு?" என்றான் இன்னொருவன். "அந்த மான் இந்நேரம் டென்னசி எல்லையைத் தாண்டி உன் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்கும்."

மேஜையைத் தட்டினார்கள். "கத்தரி, கத்தரி" என்று கூச்சல். விர்ஜில் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். எழுபதைத் தாண்டியவர், கை நடுங்கியது.

"என்கிட்டக் கொடுங்க விர்ஜில்" என்றாள் வெல்டா. "துணி வெட்டறது என் தொழில்."

ஆண்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஹோபர்ட்டை முதுகு காட்டி நிற்கவைத்தார்கள். அவனும் சிரித்தபடி சட்டையை வெளியே எடுத்துவிட்டு நின்றான்.

வெல்டா கீழிருந்து வெட்டிக்கொண்டு போனாள்.

"இன்னும் மேல போ வெல்டா. ரெண்டு குண்டு வேஸ்ட் பண்ணிருக்கான்."

"போறேன், போறேன்."

"பாத்து, பாத்து. முதுகு பத்திரம்" என்றான் ஹோபர்ட்.

"உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வெல்டா. கத்தரி நிற்கவில்லை. "ஒரு காலத்துல படுக்கையை விட்டே எழுந்திரிக்க முடியாம இருந்துச்சே. இப்ப மலையெல்லாம் ஏறறீங்க."

சிரிப்பு பாதியாகக் குறைந்தது. கார்னெட் அடுப்பில் எதையோ கிளறுகிறவள் மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

துண்டு கையோடு வந்தது. விர்ஜில் பேனாவை எடுத்து எழுதினார். வெல்டா அதை வாங்கிக்கொண்டு சுவரிடம் போனாள். பெரிய சிவப்புத் துண்டை விலக்கினாள்.

"இங்க ஒரு ஆணி காலியா இருக்கு. இதுலயே மாட்டிடறேன். ஹோபர்ட்டோட ஆணிதானே."

யாரும் மேஜையைத் தட்டவில்லை. விர்ஜில் ஆணியைப் பார்த்தார், பிறகு அவளுடைய ஏப்ரன் பையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பச்சை கொஞ்சம் தெரிந்தது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"வெல்டா, அந்தச் சமயத்துல நாங்க என்ன நினைச்சோம்னா..."

"பேசாதீங்க விர்ஜில். ஒன்பது வருஷம் பேசாதவர் இன்னிக்கு எதுக்குப் பேசணும்?"

"ஒருத்தனோட பிழைப்பு போயிடுமேன்னு பாத்தோம். டெல்மரை எச்சரிச்சு விட்டுடுவாங்கன்னுதான் நினைச்சோம்."

"விடலையே. மூணு வருஷத்துல ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கலாமே."

விர்ஜில் கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். வெல்டா எல்லாருக்கும் பீன்ஸ் ஊற்றினாள், சோளரொட்டி வைத்தாள், ஒரு தட்டை நிரப்பித் துணி போட்டு மூடினாள். அது கேட்டுக்குப் போக வேண்டிய தட்டு.

"நான் கொண்டு போய்க் கொடுக்கறேன்" என்று ஹோபர்ட் எழுந்தான். பழக்க தோஷம்.

"உக்காரு" என்றாள் வெல்டா.

அவள் கழுநீர் கொட்டப் பின்வாசலுக்குப் போனபோது அவன் பின்னாலேயே வந்தான். வெட்டுப்பட்ட சட்டைக்குக் கீழே அவன் முதுகு வெளியே தெரிந்தது.

"அதைக் கொடு."

"எதை?"

"விளையாடாத வெல்டா."

"இத்தனை வருஷமா அது சுவத்துல தொங்குதே, உனக்கு உறுத்தலையா? ராத்திரியோட ராத்திரியா எடுத்து எரிச்சிருக்கலாமே?"

"மாட்டினதை எடுக்கக் கூடாது. எல்லாரும் கேப்பாங்க."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போலீஸிடம் பொய் சொல்லத் துணிந்தவனுக்கு, ஆணியிலிருந்து ஒரு துணியை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. மேலே ஒரு பெரிய துண்டை இழுத்துவிட்டு மறைத்ததோடு சரி. எங்கள் ஊர் ஆண்களை எனக்குத் தெரியும், இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஹோபர்ட் குரலைத் தணித்தான். "யோசிச்சுப் பாரு. மனுவுல உன் புருஷன் என்ன எழுதியிருக்கான்? துப்பாக்கி என்னுது, வருந்தறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். நீ இந்தத் துணியை நீட்டினா அவன் எழுதினது பொய்யாப் போகும். கோர்ட்டுக்கே பொய் எழுதினவனுக்கு எந்த ஜட்ஜ் துப்பாக்கி கொடுப்பாரு? அதை அடுப்புல போடு. திங்கக்கிழமை நான் நாலு நல்ல வார்த்தை சொல்றேன். அடுத்த வருஷம் அவனும் எங்களோட மலைக்கு வரட்டும். எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்குமா?"

"முடிஞ்சு போனதை ஏன் கிளறணும்? அவன்தான் போயிட்டு வந்துட்டானே."

"அத்தை செத்தப்ப அவர் எங்க இருந்தாரு ஹோபர்ட்?"

அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"சவப்பெட்டியை நீதானே முன்னால பிடிச்சுத் தூக்கிட்டுப் போன? மகன் பிடிக்க வேண்டிய இடத்துல நின்னு தூக்கின. அன்னிக்கும் முதுகு வலிக்கலையே."

வெல்டா கழுநீரை வீசினாள். அது அவன் பூட்ஸ் மேல் விழுந்தது. அவள் குறி தவறவில்லை.

சாயங்காலம் டெல்மரின் வண்டியில் வீடு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் விறகடுப்பை மூட்டி, கையைச் சூடேற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்த பிறகுதான், அவள் துண்டை மேஜையில் விரித்தாள்.

டெல்மர் படித்தான். விரலை வைத்து வருடத்தை இன்னொரு முறை படித்தான். பழுப்புத் தையலைத் தடவினான்.

"எங்க இருந்துச்சு இது?"

"சுவத்துல. கேம்ப்ல. எல்லாரும் பாக்கற இடத்துல."

"விர்ஜில் எழுத்து" என்றான் டெல்மர். "உள்ள இருந்தப்ப கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எனக்கு வாழ்த்து அனுப்புவாரு. இதே கையால எழுதித்தான் அனுப்பியிருக்காரு."

"கார்னெட்டுக்கும் தெரியும்."

அவன் கண்களை மூடிக்கொண்டான். அக்கா பேரைக் கேட்டதும்தான் துண்டிலிருந்து கையை எடுத்தான். அவளை அவன் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

"நாளைக்கு சர்ச்ல எழுந்து நின்னு இதை விரிச்சுக் காட்டப் போறேன்" என்றாள் வெல்டா. "உன் அக்கா பாடற பாட்டு நடுவுலயே."

"வேண்டாம்."

"பின்ன எரிச்சுடலாமா? ஹோபர்ட் அதைத்தான் சொல்றான். எரிச்சா துப்பாக்கி கிடைக்கும், காட்டினா கிடைக்காதாம். அவன் சொல்றதுல ஒண்ணு மட்டும் நிஜம் டெல்மர். நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டேன். அது நான் சொன்ன பொய்தான். அந்தப் பொய்க்கு மூணு வருஷம் முன்கூட்டியே அனுபவிச்சாச்சு."

அவன் எழுந்து அடுப்புக் கதவைத் திறந்தான். வெல்டாவின் கை தானாகத் துண்டின் மேல் போய் அழுத்திக்கொண்டது. டெல்மர் குனிந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு அறைக்குள் போய், ஜெயிலிலிருந்து விடுதலை ஆகும்போது கொடுத்த காகிதப் பையை எடுத்து வந்தான். இதுவரை பிரிக்காத பை. உள்ளே இருந்து, பிடிபட்ட அன்று போட்டிருந்த அந்தப் பச்சைக் கட்டச் சட்டையை உதறி எடுத்தான்.

"திங்கக்கிழமை நான் இதைத்தான் போட்டுக்கப் போறேன்."

"கோட்டுக்கு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேனே?"

"கோட்டு வேண்டாம். சாட்சி சொல்ல ஏறும்போது ஹோபர்ட் இதைப் பாக்கணும். நீ முன் வரிசையில உக்காரு. மடியில அந்தத் துண்டு இருக்கட்டும். நீட்ட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். அவன் பாத்தாப் போதும்."

சட்டையைப் போட்டுப் பார்த்தான். வயிற்றில் இறுக்கியது. ஒரு பொத்தான் நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஜட்ஜ் உன்கிட்டக் கேப்பாரு" என்றாள் வெல்டா. "அந்தத் துப்பாக்கி உன்னுதுதானான்னு."

"கேப்பாரு. வக்கீலம்மா என்னை ஆமான்னு சொல்லச் சொல்லிருக்காங்க."

"ஆமான்னு சொன்னா கிடைச்சுடும் டெல்மர். அடுத்த வருஷம் நீ கேட்டுக்கு வெளிய நிக்க வேண்டியதில்லை."

"அந்தக் கேட்டுக்கு உள்ள போய் அவங்ககூட உக்காந்து திங்கறதுக்கா?"

வெல்டா அவனைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவன் முகத்தில் இவ்வளவு நிதானமான கோபத்தை அவள் கண்டதில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"அப்ப என்னதான் சொல்லப் போற?"

"ஐயா, அதை ஹோபர்ட்கிட்டயே கேளுங்க. இங்கதான் இருக்காரு, இப்பத்தான் கையைத் தூக்கிச் சத்தியமும் பண்ணினாருன்னு சொல்வேன். நிஜத்தைச் சொன்னா அவன் காலி. பொய்யைச் சொன்னா உன் மடியைப் பாத்துக்கிட்டே சொல்லட்டும்."

மேஜை மேல் போன் அடித்தது. கார்னெட். நின்றது, திரும்பவும் அடித்தது.

வெல்டா தையல் டப்பாவைத் திறந்து ஊசியில் நூல் கோத்தாள். பழுப்பு நூல்தான் கையில் கிடைத்தது. அவனை விளக்குக்குக் கீழே நிறுத்தி, ஆடிக்கொண்டிருந்த பொத்தானைத் தைக்க ஆரம்பித்தாள்.

"எடுக்கட்டுமா?" என்றான் டெல்மர்.

"அசையாத, ஊசி குத்திடும்" என்றாள் வெல்டா. "திங்கக்கிழமை வரைக்கும் அடிக்கட்டும்."